குரோமோசோம் பெட்டி: வாங்கலாம், சுவரொட்டியை மட்டும் சுருட்டி வையுங்கள்

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்கு லேப் சாமான் போடுகிற கடையில் "குரோமோசோம் பெட்டி" என்று கேட்டால் மேல்தட்டிலிருந்து ஒரு நீலப் பெட்டியை இறக்கி வைப்பார்கள். விலை 1,850 ரூபாய். டீச்சர் என்று தெரிந்தால் நூறு ரூபாய் குறைப்பார்கள். பள்ளிக்கூடப் பெயரில் பில் கேட்டால் அதுவும் கிடையாது. தயாரித்த கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன் என்பதால்.

உள்ளே என்ன இருக்கிறது? பத்துப் பதினொரு பாலூட்டிகளின் குரோமோசோம்கள், அதாவது செல்லுக்குள் ஜீன்களைச் சுமக்கிற இழைகள், ஒவ்வொன்றும் தனித்தனிச் சில்லாக. சில்லின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அச்சடித்திருக்கிறது, பின்னால் காந்தம். மனிதன், சிம்பன்சி, குரங்கு, பூனை, நாய், பன்றி, பசு, எருமை, செம்மறி, கேளையாடு (பெயரில்தான் ஆடு, உண்மையில் சின்ன மான்), சுண்டெலி. இவற்றை ஒட்டி வைக்க ஒரு வெள்ளை இரும்புப் பலகை. அப்புறம் கண்ணாடித் தாளில் வெட்டிய நிறத் துண்டுகள். மனிதனின் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு நிறம். அந்தத் துண்டை மற்ற விலங்கின் சில்லு மேல் வைத்தால், மனிதனின் எந்தக் குரோமோசோமில் இருக்கிற ஜீன்கள் அந்த விலங்கில் எங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன என்று தெரியும். ஒரு கையேடு. ஒரு பெரிய சுவரொட்டி.

முதலில் சுவரொட்டி. அதை நான் பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டேன். விலங்குகளை வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் எண்ணிக்கை போட்டிருக்கிறார்கள்: பன்றி 38, பூனை 38, சுண்டெலி 40, மனிதன் 46, சிம்பன்சி 48, செம்மறி 54, பசு 60, நாய் 78. அதுவும் மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகிற படம். பிள்ளைகள் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மிஸ், அப்ப நாய்க்குத்தான் மூளை கூடவா?" கேட்கத்தான் செய்வார்கள். படம் அப்படித்தானே சொல்கிறது.

எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது என்பதைக் காட்ட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நான் டியூஷன் எடுக்கிறது அம்பாசமுத்திரத்தில். இங்கிருந்து பாபநாசம் ஏறினால் முண்டந்துறைக் காடு, அங்கே கேளையாடு உண்டு. இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. பாலூட்டிகளிலேயே இதைவிடக் குறைவு கிடையாது. 1970-ல் இது வெளிவந்தபோது ஆராய்ச்சிக்காரர்களுக்கே ஆச்சரியம். அதன் நெருங்கிய சொந்தமான சீனக் கேளையாட்டுக்கு 46, அதாவது நமக்கு இருக்கிற அதே எண். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் தெரியாதவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, அடைத்து வைத்தால் இனம்கூடச் சேரும், பிறக்கிற குட்டி மலடாகப் போகும், அவ்வளவுதான். அர்ஜென்டினாவில் ஒரு எலி இருக்கிறது, அதற்கு 102. இந்த மூன்றையும் அந்த மாடிப்படியில் எங்கே நிறுத்துவது?

கேளையாட்டுச் சில்லுகள் பெட்டியிலேயே அழகானவை. ஆறுதான், ஆனால் ஒவ்வொன்றும் அவ்வளவு நீளம். முதல் சில்லு மனிதனின் முதல் சில்லைவிடப் பல மடங்கு. சீனக் கேளையாட்டில் தனித்தனியாகக் கிடக்கிற குரோமோசோம்கள் இதில் வாலும் தலையுமாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. செங்கோட்டை ரயிலில் பெட்டிகளைக் கோத்த மாதிரி. சரக்கு அதேதான், வண்டிதான் குறைவு. ஆணுக்கு ஏன் 7 என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை, பெண்ணின் சில்லுகளை மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ் குரோமோசோம் இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிப்போய்விட்டது. பெண்ணுக்கு அப்படி ஒட்டியது இரண்டு. ஆணுக்கு ஒட்டியது ஒன்று, ஒட்டாத துணை ஒன்று, போதாக்குறைக்கு ஒய். அதனால் ஒன்று கூடுதல். இதை ஒரு படத்தில் காட்டியிருக்கலாம். இடமில்லாமல் இல்லை, கையேட்டின் கடைசி மூன்று பக்கமும் விளம்பரம்.

சரி, இனி நல்ல விஷயம். காசு எதற்குத் தகுமென்றால் மூன்று இடத்துக்கு.

மனிதனின் 2-ஆம் சில்லைப் பலகையில் ஒட்டுங்கள். சிம்பன்சியின் 2ஏ, 2பி என்ற இரண்டு சில்லுகளையும் எடுத்து, தலையோடு தலை முட்டுகிற மாதிரி பக்கத்தில் வையுங்கள். பட்டைகள் அப்படியே ஓடும். கறுப்புக்கு நேர் கறுப்பு, வெளுப்புக்கு நேர் வெளுப்பு. சிம்பன்சிச் சில்லின் நுனியில் மட்டும் ஒரு சின்னத் தொப்பி உண்டு, மனிதனிடம் அது இல்லை. 1982-ல் யூனிஸ், பிரகாஷ் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் நான்கையும் ஆயிரம் பட்டை தெரிகிற அளவுக்கு நீட்டி, பக்கம் பக்கமாக வரைந்து போட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சில்லு வரிசையில் புதிதாக ஒன்றும் இருக்காது, ஆனால் கையால் நகர்த்திப் பார்க்கிற சுகம் வேறு. ஒட்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அங்கேதான் 1991-ல் டிஎன்ஏயைப் படித்துப் பார்த்தார்கள். குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய டிடிஏஜிஜிஜி என்ற எழுத்துத் தொடர், நடுவில், ஒன்றுக்கொன்று முகம் பார்த்தபடி கிடந்தது. கொஞ்சம் தள்ளிப் புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்று: வேலையை விட்டு ஓய்வெடுத்துக்கொண்ட இரண்டாவது சென்ட்ரோமியரின் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கிற இடம்) மிச்சம். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 48, நமக்கு 46 என்ற கணக்கு இங்கே தீர்ந்துவிடும்.

இதில் ஒரு கிளைக்கதை. நமக்கு 46 என்றே 1956 வரை யாரும் சரியாக எண்ணவில்லை. 1923-லிருந்து 48 என்றே புத்தகம் போட்டது, பார்த்தவர்களும் 48 பார்த்தார்கள். ஸ்வீடனில் ஜியோவும் லெவானும் செல்லை நன்றாக ஊதவைத்துப் பரப்பி எண்ணிய பிறகுதான் 46. நீட் கோச்சிங் எடுக்கிறவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருக்கிறதைக் கண்ணால் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வது எல்லாருக்கும் வரும்.

5-ஆம் சில்லு மூன்று துண்டாக வருகிறது. நடுத்துண்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால் சிம்பன்சியுடையது வந்துவிடும். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் நடுவில் இப்படி சென்ட்ரோமியரோடு சேர்ந்து திரும்பின இடம் 9 உண்டு. ஒன்றுக்கு மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். போகட்டும்.

இரண்டாவது, குரங்கு. பெட்டியில் இருப்பது வடக்கத்திய ரீசஸ் குரங்கு. ஆனால் அந்தச் சாதிக் குரங்குகள் எல்லாவற்றுக்கும் 42-தான். பாபநாசத்தில் நம் கைப்பையைப் பிடுங்குகிற நாட்டுக்குரங்குக்கும், களக்காட்டு மலையில் இருக்கிற சிங்கவால் குரங்குக்கும் அதே 42. கையேடு இதற்கு ஒரு கணக்கு போடுகிறது: சிம்பன்சியிடம் 24 சோடி. குரங்கில், மனிதனின் எண்ணில் சொன்னால், 7-உம் 21-உம் சேர்ந்தது, 14-உம் 15-உம் சேர்ந்தது, 20-உம் 22-உம் சேர்ந்தது. மூன்று போக 21 சோடி, ஆக 42. நிறத் துண்டுகளை வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. 7-இன் நிறமும் 21-இன் நிறமும் ஒரே சில்லில், 14-உம் 15-உம் ஒரே சில்லில். எண்ணிக்கை சரி. கதை தப்பு.

கண்டுபிடித்தது நான் அல்ல, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை. பூனைச் சில்லுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், பூனையின் பி3 என்ற சில்லைத் தூக்கிக் காட்டினாள். அதிலும் 14, 15 இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில்.

"மனுசன்ட்ட பிரிஞ்சி இருக்கு, கொரங்குட்ட சேந்து இருக்கு, பூனைட்டயும் சேந்துதான் இருக்கு. அப்ப கொரங்கு எதுக்கு மிஸ் புதுசா ஒட்டப் போவுது? நம்ம பக்கந்தான் பிரிச்சிருக்கும்."

அதுதான் விஷயம். பூனை நம் கிளையிலிருந்து எவ்வளவோ காலம் முன்னாலேயே பிரிந்துபோன உறவு. அதனிடமும் குரங்கிடமும் ஒரே அடுக்கு இருந்தால், அது பழைய அடுக்கு. மூதாதையிடமிருந்து இரண்டு பேரும் அப்படியே வைத்துக்கொண்டது. பிரித்தது வாலில்லாக் குரங்குகளும் நாமும் சேர்ந்த கிளை. 20-உம் 22-உம் அப்படி இல்லை. பூனையில் 20 போய் 2-இன் ஒரு பகுதியோடு உட்கார்ந்திருக்கிறது, 22 இருப்பது 12-ஓடு. ஆக அது உண்மையிலேயே குரங்குப் பக்கம் புதிதாக ஒட்டியது. கையேடு மூன்றையும் ஒரே மாதிரி "சேர்ந்தது" என்று எழுதியிருக்கிறது. அதைத் திருத்த ஒரு பூனை போதும். பெட்டியை வடிவமைத்தவர் இதை நினைத்தே பூனையை வைத்தாரா, இல்லை சும்மா வைத்தாரா தெரியாது. யார் வைத்திருந்தாலும் நல்லாயிருக்கட்டும்.

இதனால்தான் சொல்கிறேன், எண்ணாதீர்கள், யார் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு விலங்குக்கு ஒரே எண் வருவது தற்செயலாக நடக்கும். பன்றிக்கும் பூனைக்கும் 38, அதனால் அவை அண்ணன் தம்பியா? ஆனால் இரண்டு தனிக் குரோமோசோம்கள் அதே இடத்தில் அதே மாதிரி ஒட்டுவது இரண்டு தடவை லேசில் நடக்காது. ஆராய்ச்சிக்காரர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். மனிதனின் ஒரு குரோமோசோமைப் பிரித்தெடுத்து, ஒளிரும் சாயம் ஏற்றி, இன்னொரு விலங்கின் குரோமோசோம்கள் மேல் விட்டால் ஒத்துப்போகிற இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு மினுங்கும். 1990 வாக்கில் மனிதனுக்கும் குரங்குகளுக்கும் நடுவில் செய்து பார்த்தார்கள். 1994-ல் திமிங்கிலம், மான், எலி வரை கொண்டுபோனார்கள். பெட்டியின் கண்ணாடித் தாள்கள் அந்தச் சாயத்தின் ஏழை வீட்டுப் பதிப்பு.

மூன்றாவது, 21-ஐப் பின்தொடர்வது. கையேட்டில் இந்தப் பயிற்சி இல்லை, நானாகச் செய்ய வைப்பது. 21 என்றால் எல்லாருக்கும் டவுன் சிண்ட்ரோம் தெரியும், அதனால் பெயர் புதிதில்லை. மனிதனில் அது தனியாக நிற்கிற குட்டிச் சில்லு. குரங்கில் 7-ஓடு. பூனையில் எடுத்துப் பாருங்கள், சி2 என்ற சில்லில் 3-ஓடு. பன்றியில் 13-ஆம் சில்லில், அதே 3-ஓடு. பசுவில் 1-ஆம் சில்லில், மறுபடியும் 3-ஓடு. பூனை, பன்றி, பசு மூன்றும் ஒரே சாட்சி சொல்கின்றன: 3-உம் 21-உம் ஆதியில் ஒன்றாக இருந்தவை. குரங்குகளும் நாமும் சேர்ந்த கிளையில் பிரிந்தது, பிறகு குரங்குப் பக்கம் மட்டும் 21 போய் 7-ஐப் பிடித்துக்கொண்டது.

பசுவிலிருந்து இன்னும் கீழே போகலாம். பசுவுக்கு 60. எக்ஸ், ஒய் தவிர மற்ற எல்லாம் ஒற்றைக் கைச் சில்லு, அதாவது சென்ட்ரோமியர் ஒரு நுனியில் இருக்கும். எருமையின் 1-ஆம் சில்லு பெரிது, இரண்டு கை. ஒரு கை பசுவின் 1, இன்னொரு கை பசுவின் 27. செம்மறியின் 1-உம் பெரிது, ஆனால் அதில் பசுவின் 1 சேர்ந்திருப்பது 3-ஓடு. அந்தந்தக் கிளை தனித்தனியாகச் சேர்த்தது என்று பலகையிலேயே தெரிந்துவிடும். எருமையில் இப்படி ஐந்து சேர்க்கை, அதனால் 50. செம்மறியில் மூன்று, அதனால் 54. எக்ஸ், ஒய்யை விட்டுவிட்டுக் கைகளை எண்ணினால் மூன்றிலும் ஒரே எண்ணிக்கைதான். இது புரிந்ததும் பிள்ளைகள் சுவரொட்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் எருமை அட்டையில் 48 என்று அச்சடித்திருக்கிறது! உள்ளே சில்லுகளை எண்ணினால் 50. 48 தென்கிழக்காசியச் சேற்று எருமைக்கு. நம் ஊரில் பால் கறக்கிற எருமைக்கு 50. சில்லு போட்டவரும் அட்டை அடித்தவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது.

வெள்ளாடு இல்லாதது எனக்குப் பெரிய குறை. மேலப்பாளையம் சந்தையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வீட்டில் கன்னி ஆடோ கொடி ஆடோ கட்டியிருப்பவர்கள், முதலில் தேடுவது அதைத்தான். வெள்ளாட்டுக்கு 60, பட்டை அமைப்பும் பசுவுக்கு மிக நெருக்கம், அதனால் பசுச் சில்லை வைத்தே ஒப்பேற்றுகிறேன். கிடை போடுகிற வீட்டுப் பையன் ஒருவன், செம்மறியும் வெள்ளாடும் ஒரே பட்டியில் கிடந்தாலும் குட்டி தங்காது என்று அவன் தாத்தா சொல்வதைச் சொன்னான். 60-இல் பாதியும் 54-இல் பாதியும் சேர்ந்தால் 57. கரு உண்டானாலும் பெரும்பாலும் வயிற்றிலேயே போய்விடும். தாத்தா சொன்னது சரிதான் என்று அவனிடம் சொல்லியாயிற்று.

எக்ஸ் துண்டுக்கு ஊதா நிறம். அது எந்த விலங்கில் வைத்தாலும் எக்ஸிலேயே உட்காரும், வேறெங்கும் சிதறாது. சுசுமு ஓனோ என்பவர் 1967-லேயே சொன்னது இது. கேளையாட்டில்கூட எக்ஸ் வேறொன்றோடு ஒட்டியிருக்கிறதே தவிர உடையவில்லை. சுண்டெலியில் மற்ற நிறங்கள் எல்லாம் பொடிப்பொடியாகிவிடும், ஊதா மட்டும் முழுசாக நிற்கும். சுண்டெலியை இதற்கு மட்டும் எடுத்துவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள், அந்தப் பொடியை அடுக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை.

கடைசியில் வெற்றுச் சில்லுகள் கொஞ்சம் தருகிறார்கள், மூதாதையை நீங்களே கட்டிப் பார்க்க. நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளின் மூதாதைக்குக் கையேடு சொல்லும் விடை 46. நமக்கும் 46 என்பதால் நாம் மாறவே இல்லை என்று யாராவது சொன்னால், 3-ஐயும் 21-ஐயும் எடுத்துக் காட்டுங்கள். 2022-ல் மரபணுத் தொடர்களைக் கணினியில் ஒப்பிட்டு, எல்லாப் பாலூட்டிக்கும் பொதுவான மூதாதையிடம் பாலினக் குரோமோசோம் போக 19 சோடி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதைக் கையேட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி பொருளின் தரம். 14-க்கும் 15-க்கும் இரண்டு பச்சை கொடுத்திருக்கிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். இருக்கிற நிறத்தில் எதை வேண்டுமானாலும் குழப்பியிருக்கலாம், இந்த இரண்டைப் போய்! 15-இன் துண்டுகளில் நான் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்திருக்கிறேன், வாங்கினதும் நீங்களும் அதைச் செய்துவிடுங்கள். கண்ணாடித் துண்டுகள் வெயிலுக்குச் சுருளும். காந்தம் சிறிய சில்லுகளுக்குப் பற்றாது. ஆடிக் காற்று அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து நாய்ச் சில்லுகளை எடுத்தால் பிறகு பெஞ்சுக்கு அடியில்தான் தேட வேண்டும். நாய்க்கு 78, பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரி பொடிசு.

எனக்கு வந்த பெட்டியில் சிம்பன்சியின் 2பி ஒன்று இல்லை. கடைக்குப் போன் போட்டால், "அடுத்த லோடுல வந்துரும் டீச்சர், எடுத்து வச்சிருக்கேன்" என்பார் அண்ணாச்சி. லோடு வந்தது, சில்லு வரவில்லை. மனுசர் நல்லவர், பேச்சில் குறை கிடையாது, டீயும் வாங்கித் தருவார். கடைசியில் அம்பையில் கலர் ஜெராக்ஸ் எடுத்துக் காந்தத் தாளில் ஒட்டிக்கொண்டேன். அதனால் கடையிலேயே பெட்டியைத் திறந்து மனிதனின் 2, சிம்பன்சியின் 2ஏ, 2பி, குரங்கின் எல்லாச் சில்லும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வாங்கலாம். டியூஷன் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம், ஒரு வாரம் உங்களிடம், ஒரு வாரம் அவரிடம். வீட்டில் தனியாகப் படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு காசு வேண்டாம். நீட் கேள்வி மட்டும்தான் இலக்கு என்றால் இது வேண்டவே வேண்டாம், அங்கே எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். 1,200 ரூபாய்க்கு ஒரு சின்னப் பெட்டியும் கடையில் இருக்கிறது, நாயும் சுண்டெலியும் இல்லாமல். அதில் பூனையும் இருக்காது என்று அண்ணாச்சி ஒரு நாள் சொன்னார், இன்னொரு நாள் இருக்கும் என்றார். பூனை இருந்தால் அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் பெரிய பெட்டிதான்.